இரண்டே அணியில் இரண்டாம் இடம்

எங்கள் பள்ளிக்கூடம் பெண்கள் கூடைப்பந்தில் நான்கு வருடம் தொடர்ந்து குறுவட்ட அளவில் இரண்டாம் இடம் பிடித்தது. காலைப் பிரேயரில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து அதை அறிவிப்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். நான் டிராக் சூட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு கும்பிடு போடுவேன். எங்கள் வட்டாரத்தில் கூடைப்பந்து அணி வைத்திருக்கும் பள்ளிகள் மொத்தமே இரண்டுதான் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு விஷயத்தில்தான். மற்றபடி என் தொண்டை திருமயம் பக்கம் பிரசித்தம். நான் கல்லூரியில் கபடி ஆடியவள். கபடியில் மூச்சுவிடாமல் கத்தினால்தான் பிழைப்பு. அந்தப் பழக்கத்தோடு உடற்கல்வி ஆசிரியை வேலைக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் மைதானம் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து "நில்லு!" என்று கத்தினேன். பிள்ளை நின்றது. ரோட்டில் போன காரைக்குடி பஸ்ஸும் நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யாரும்மா ஏறணும்?" என்று கேட்டார். அதன்பிறகு அந்த டிரைவர் எங்கள் பள்ளியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்.

ஐந்தாவது வருடம் புதிதாக மாற்றலாகி வந்த கணக்கு வாத்தியார் ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே கேட்டுவிட்டார். "ரெண்டாவது எடம்னா சும்மாவா! மொத்தம் எத்தன டீம் வந்துச்சுங்க டீச்சர்?" கணக்கு வாத்தியார்களுக்கு எண்ணிக்கை தெரியாமல் டீ இறங்காது. நான் பிஸ்கெட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஆனால் தலைமையாசிரியை பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஜன்னல் வழியாகக் கூடைப்பந்து கோர்ட்டைக் காட்டினார். அந்த சிமெண்ட் தளத்தையும் இரண்டு கம்பங்களையும் சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் பழைய மாணவி ஒருவர் போட்டுக்கொடுத்தார். பள்ளியிலேயே மழை பெய்தால் சேறாகாத ஒரே இடம் அது. அதனால் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வரும் விலையில்லா மிதிவண்டிகளை வருடாவருடம் அங்கேதான் இறக்குவார்கள். லாரியில் பாகம் பாகமாக வரும். பூட்டுகிறவர்கள் வந்து பூட்டி வரிசையாக நிறுத்திவிட்டுப் போவார்கள். பிறகு விழா வைத்து வழங்க ஒரு தேதி கிடைக்கும்வரை அவை அங்கேயே நிற்கும். எங்கள் பிள்ளைகள் சைக்கிளுக்கு நடுவில் வளைந்து வளைந்து பந்து தட்டித்தான் ஆட்டம் பழகினார்கள். எங்கள் அணி வளைந்து ஓடுவதில் கெட்டிக்கார அணி. நேராக ஓடத்தான் வராது.

"நனைஞ்சு நனைஞ்சு சைக்கிள் பூரா துருப்பிடிக்குதுங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியை. "கோர்ட்டுக்கு மேல தகரம் போட்டு ஷெட்டாக்கிடலாம்னு இருக்கேன். அளவெல்லாம் எடுத்தாச்சு."

"மேடம், அப்ப பிள்ளைங்க எங்க வெளையாடும்?"

"ரெண்டு டீம்ல ரெண்டாவதா வாரதுக்கு எதுக்குங்க கோர்ட்டு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம் அது. கடைசியில் அவரே மனமிறங்கி, "இந்த வருஷம் ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சுட்டு வாங்க. ஷெட்ட வேற எடத்துல போட்டுக்கிறேன்," என்றார். இருப்பதே ஒரு மேட்ச்தான். அதைத் தோற்றால் கோர்ட் போய்விடும்.

அந்த ஒரு மேட்ச் டவுனில் இருக்கும் தனியார் பள்ளியோடு. அவர்களுக்கென்று தனியாக ஒரு கோச் உண்டு. ஒல்லியான மனிதர், சத்தமே போடமாட்டார். முந்தின வருடம் எங்களைப் போட்டு வெளுத்துவிட்டு, அவர் தன் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார். கையில் ஒரு டேப்லெட். சற்று முன் முடிந்த மேட்சை அதில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏதோ கேட்டார். அதுகளும் பதில் சொல்லின. ஜெயித்தவர்கள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். தோற்ற நாங்கள் பத்தடி தள்ளி புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். புளிசாதம் நன்றாக இருந்ததால் உறைக்கவில்லை.

இப்போது கோர்ட்டுக்கே ஆபத்து வந்ததும்தான் அந்த வேப்பமரத்தடி ஞாபகம் வந்தது. நாமும் மேட்சை வீடியோ எடுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். டவுன் கோச்சிடம் போனில் பேசி ஒரு பயிற்சி ஆட்டம் கேட்டேன். "தாராளமா வாங்க மேடம்," என்றார். எங்கள் கோர்ட்டில் சைக்கிள்கள் நின்றதால் நாங்கள்தான் போகவேண்டும்.

வீடியோ எடுக்க ஆள் தேடும்போது எங்கள் அணியின் பொடிசு கையைத் தூக்கினாள். அவள்தான் பந்தை நடத்திக்கொண்டு போகிறவள். பிளஸ் டூ படிக்கிறாள் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள், அந்த உயரம். "எங்க மாமா எடுப்பாருங்க டீச்சர். பெரிய கேமராவே வச்சிருக்காரு." அவளுடைய தாய்மாமன் கல்யாண வீடியோக்காரர். நமணசமுத்திரத்திலிருந்து பொன்னமராவதி வரைக்கும் முகூர்த்த நாளில் அவரைப் பிடிக்க முடியாது. அது ஆடி மாதம் என்பதால் சும்மா இருந்தார். "காசெல்லாம் வேணாங்க டீச்சர். ஆடியில கேமரா தூங்குனா கெட்டுப்போகும்," என்று சொல்லி வந்துவிட்டார்.

வந்ததும் முதல் வேலையாகப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருத்தியும் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். எங்கள் நெட்டைப்பிள்ளை, கூடைக்குக் கீழே நிற்கிறவள், வெட்கப்பட்டுக் குனிந்தாள். "தல குனியாத தாயி, நிமிந்து பாரு, ஆங், சிரி," என்றார் மாமா. எதிரணிப் பிள்ளைகள் வரிசையில் வந்து நின்று எங்களுக்கும் ஒன்று என்று கேட்டார்கள். ஆட்டம் தொடங்க கால் மணி நேரம் தாமதம். நடுவர் எதுவும் சொல்லவில்லை. அவரும் தலையைச் சீவிக்கொண்டிருந்தார்.

அந்த ஆட்டத்தில் பதினெட்டுக்கு முப்பது என்று தோற்றோம். வழக்கமாக வாங்குவதற்கு இது பரவாயில்லை. ஆனாலும் நான் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே வந்தேன். "நாளைக்கு வீடியோவப் போட்டுக் காட்டுறேன். யாரு யாரு எங்கிட்டு வாயப் பாத்துக்கிட்டு நின்னீங்கன்னு அப்பத் தெரியும்."

ஒரு வாரம் கழித்து மாமா பென் டிரைவ் கொண்டுவந்தார். எடிட்டிங் செய்ய நேரமாகிவிட்டது என்றார். கணினி அறையில் பிள்ளைகளை உட்காரவைத்து, பிரம்புக்குப் பதில் ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டு, திரையில் ஓடவிட்டேன்.

முதலில் பிள்ளையார் வந்தார். பிறகு நாதஸ்வரம். நான்கு மூலையிலிருந்தும் ரோஜா இதழ்கள் உதிர்ந்து நடுவில் சேர்ந்து 'கூடைப்பந்து வைபவம்' என்று எழுத்தானது. இரண்டு இதயங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. ஒரு இதயத்துக்குள் எங்கள் அணி, இன்னொன்றுக்குள் எதிரணி. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நான் ஸ்கேலால் மேசையைத் தட்டினேன்.

பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடங்குவது இருந்தது. பந்து மேலே போனது. கேமராவும் மேலே போனது. பந்து கீழே வந்துவிட்டது. கேமரா மேலேயே இருந்து, வேப்பமரத்தைச் சுற்றிவந்து, வேடிக்கை பார்த்தவர்களை முதல் வரிசையிலிருந்து ஒருவர் விடாமல் காட்டியது. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பைக் காட்டியது. டவுன் பள்ளிக்காரர்கள் கொடுத்த டீயையும் வடையையும் பக்கத்தில் போய்க் காட்டியது. நடுவர் அழகாக வந்திருந்தார். அதன்பிறகு நான் வந்தேன். வந்தவள் போகவே இல்லை.

திரை முழுக்க என் முகம், பக்கவாட்டில். என் வாய் திறக்கிறது. மூடுகிறது. திறக்கிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. சில இடங்களில் அதை ஸ்லோ மோஷனில் வேறு போட்டிருந்தார். அதற்குப் பின்னணியில் வீணை.

நான் படத்தை நிறுத்திவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன். "என்னங்க இது? பந்து எங்கங்க? கூடை எங்கங்க?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "டீச்சர், தாலி கட்டுறப்ப தாலியவா எடுப்போம்? அது ஒரு செகண்டு வேல. பொண்ணோட அம்மா மொகத்த எடுப்போங்க. எல்லாமே அதுல வந்துரும். இங்க பொண்ணோட அம்மா யாருன்னு பாத்தேன். நீங்கதான்."

போனை வைத்துவிட்டு, படத்தை அணைக்கப் போனேன். அப்போது நெட்டைப்பிள்ளை எழுந்து நின்றாள். அவள் ஒரு வாரத்துக்கு நான்கு வார்த்தை பேசுகிற பிள்ளை. "டீச்சர், ஒங்க மூக்குக்குப் பின்னாடி பாருங்க."

பார்த்தேன். என் மூக்குக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, கோர்ட் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் ஐந்து பேரும் தெரிந்தார்கள். திரையில் என் வாய் திறந்தது. ஐந்து தலையும் சட்டென்று என் பக்கம் திரும்பியது. அந்த நேரத்தில் எதிரணியின் மஞ்சள் சட்டை ஒன்று குறுக்கே ஓடியது. அவர்கள் பக்கத்துக் கைதட்டல் கேட்டது. பிறகு திரையில் நான் என் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இன்னொருக்கா போடுங்க டீச்சர்," என்றாள் பொடிசு.

இன்னொரு தடவை போட்டேன். இன்னொரு இடத்தையும் போட்டேன். வாய் திறக்கிறது, ஐந்து தலை திரும்புகிறது, மஞ்சள் சட்டை ஓடுகிறது. ஒரு பிள்ளை எழுந்துபோய் போர்டில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தாள். நான் கத்தியது இருபத்திரண்டு. பந்து பறிபோனது பதினொன்று. நான் தலையில் அடித்துக்கொண்டால் கூடை விழுந்துவிட்டது என்று பொருள். அது ஏழு. ஏழு கூடைக்குப் பதினான்கு புள்ளி. நாங்கள் தோற்றது பன்னிரண்டு புள்ளியில். அந்தக் கணக்கு வாத்தியார் இல்லாமலே எல்லோருக்கும் விடை தெரிந்துவிட்டது.

"போயி கிரவுண்ட பத்து ரவுண்டு ஓடுங்க," என்றேன். எதற்கு என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சேலை மாற்றிக்கொண்டு புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, போனில் அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். ரோஜா இதழைப் பார்த்ததும் பக்கத்து சீட் அம்மாள் ஆசையாக எட்டிப் பார்த்தார். "கல்யாணமாம்மா? பொண்ணு எங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் டிராக் சூட்டில் என் முகம் வந்துவிட்டது. அந்த அம்மாள் அதையும் என்னையும் சேர்த்துப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "யாரு இது, பொண்ணோட ஆத்தாளா? இப்புடிக் கத்துனா அந்தப் புள்ள எப்புடிம்மா வாழும்?" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று கேட்டால், முதலில் சிரிப்புத்தான். நான்கு வருடமாக அந்தப் பிள்ளைகள் பேச்சு வாங்கியது என்னால்தான் என்று நினைத்ததும் இரண்டாவதும் வந்தது. நான் ஆடத் தெரியாத பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதுகள் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. நான்தான் நடுவில் நடுவில் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறேன்.

மறுநாள் சைக்கிள்களுக்கு நடுவே பிள்ளைகளை நிற்கவைத்து, "எம்மேல தப்புத்தான். இனிமே கத்தல," என்றேன். வாத்தியார் வேலையில் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று வாத்தியார்களுக்குத் தெரியும். பிள்ளைகள் நெகிழ்ந்துபோவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒங்களால முடியாதுங்க டீச்சர்," என்றாள் பொடிசு, மரியாதையாகத்தான்.

"ஏன் முடியாது? நெனச்சா முடியும்."

"எங்க, பாப்போம்."

ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடத்தில், எவளோ பந்தை சைக்கிள் சக்கரத்துக்குள் விட்டாள். "கண்ணு எங்கடி இருக்கு!" என்று நான் கத்தியதில் வேலியோரம் மேய்ந்த ஆடு கலைந்தது. ஐந்து தலையும் என்னைப் பார்த்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நெட்டைப்பிள்ளை தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் தாகத்துக்கென்று நினைத்து மடக்கென்று விழுங்கினேன். "முழுங்காதீங்க டீச்சர், வாயிலயே வச்சுக்கங்க," என்றாள். அந்த வாரத்துக்கான நான்கு வார்த்தையை அதற்கே செலவழித்தாள்.

அப்படித்தான் என் பயிற்சி தொடங்கியது. பிள்ளைகளுக்கு அல்ல, எனக்கு. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கன்னமும் உப்ப வாயில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளவேண்டும். பத்து நிமிடத்துக்கு விழுங்கக்கூடாது, துப்பக்கூடாது. முதல் நாள் ஐந்து முறை சட்டையை நனைத்துக்கொண்டேன். வாயில் தண்ணீரோடு கோபப்பட முடியாது என்பதை நான் நாற்பத்திரண்டு வயதில்தான் கண்டுபிடித்தேன். கோபம் வந்தால் மூக்கில் ஏறிவிடுகிறது.

இன்னொரு தொந்தரவும் வந்தது. என் சத்தம் நின்றதும் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். பொடிசு பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள், யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. நான்கு வருடமாக அதை நான்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கோர்ட் இழவு வீடு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பொடிசு பொறுக்க முடியாமல், "ஏய், இங்கிட்டு வாடி, அங்கிட்டு ஏற்கெனவே ஒருத்தி நிக்கிறாள்ல!" என்றாள். பதிலுக்கு இன்னொருத்தி, "நீ மொதல்ல பந்த விடு," என்றாள். சண்டை பிடித்துக்கொண்டது. எனக்கு உள்ளே புகுந்து தீர்ப்பு சொல்ல நாக்கு துடித்தது. வாயில் தண்ணீர். சண்டையை அவர்களே முடித்துக்கொண்டு, அந்த இடத்திலிருந்து மறுபடி ஆடினார்கள். இந்தத் தடவை பந்து கூடையில் விழுந்தது.

பயிற்சி முடிந்ததும் தண்ணீரைத் துப்பிவிட்டு, சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, அந்த டவுன் கோச் கேட்டமாதிரி நானும் கேட்க ஆரம்பித்தேன். "அந்த எடத்துல நீ என்ன பாத்தே?" முதலில் என்ன பதில் சொன்னால் திட்டு விழாது என்று யோசித்துச் சொன்னார்கள். பிறகு பார்த்ததைச் சொன்னார்கள். பொடிசு கோர்ட்டில் பார்த்ததில் பாதியை நான் ஓரத்தில் நின்று பார்க்கவே இல்லை. கத்திக்கொண்டிருப்பவளுக்கு எதுவும் தெரியாது போலிருக்கிறது. நெட்டைப்பிள்ளைகூட ஒருநாள், "எதிர்டீம் ஏழாம் நம்பரு எப்பவும் வலது பக்கமா மட்டுந்தான் போறா," என்றாள். பயிற்சி ஆட்டத்திலேயே கவனித்தாளாம். "அன்னைக்கே ஏன்டி சொல்லல?" என்றேன். "நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க டீச்சர்," என்றாள்.

குறுவட்டப் போட்டி நாளும் வந்தது. தலைமையாசிரியை நேரில் வரவில்லை. ஷெட் போடுகிறவரைச் சாயங்காலம் வரச்சொல்லியிருப்பதாக மட்டும் காலையில் போகிறபோக்கில் சொன்னார். மாமா கேமராவோடு வந்துவிட்டார். "இன்னைக்காவது பந்த எடுங்க," என்று கெஞ்சினேன். "கவலையவிடுங்க, எல்லாம் எனக்குத் தெரியும்," என்றார். கல்யாண வீட்டில் இந்த வார்த்தையைச் சொல்கிறவர்களிடம் எப்போதும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

விசில் ஊதுமுன் வாயை நிரப்பிக்கொண்டேன். நடுவர் வந்து, "டீம் லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டாச்சுங்களா?" என்று கேட்டார். உப்பிய கன்னத்தோடு தலையை ஆட்டினேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "பல்வலிங்களா டீச்சர்? கிராம்ப வச்சுக் கடிங்க, கேக்கும்," என்றார். டவுன் கோச் தன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவர் அணியைத் தோற்கடிக்க நினைத்தது பாவமாகக்கூட இருந்தது.

முதல் இரண்டு பகுதியிலும் ஒட்டிக்கொண்டே வந்தோம். மூன்றாவதில் ஐந்து புள்ளி பின்னே போனதும் கையைக் காட்டி டைம் அவுட் கேட்டேன். பிள்ளைகள் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். தண்ணீரை விழுங்கினேன். சொல்வதற்கு ஒன்றும் தோன்றவில்லை. "என்ன நடக்குது?" என்று நிஜமாகவே கேட்டேன். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஏழாம் நம்பர் இன்னமும் வலது பக்கம்தான் போகிறாள், அதை அடைத்துவிடலாம் என்று அவர்களே முடிவுசெய்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போனார்கள். நான் மறுபடி வாயை நிரப்பிக்கொண்டேன்.

கடைசியில் அவர்கள் இருபத்தொன்று, நாங்கள் இருபது. இன்னும் பத்து நொடிகூட இல்லை. பந்து பொடிசு கையில். எதிரே இரண்டு மஞ்சள் சட்டைகள் மதில் மாதிரி. இடது பக்கம் கூடைக்குக் கீழே நெட்டைப்பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு தனியாக நிற்கிறாள். எனக்குத் தெரிகிறது, அவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது. அவளுக்குக் கொடுத்தால் முடிந்தது. கொடுடி, அவளுக்குக் கொடுடி என்று தொண்டைவரை வந்து முட்டுகிறது. ஒரு கை வாயைப் பொத்துகிறது, அது என் கைதான். பொடிசு என் பக்கம் திரும்புவாள், திரும்பினால் கண்ணாலாவது காட்டிவிடலாம் என்று பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

பொடிசு நெட்டைப்பிள்ளையைப் பார்த்தாள். பந்தை அவளிடம் எறியப்போவதுபோலக் கையை நீட்டினாள். நான் நினைத்ததைத்தான் மஞ்சள் சட்டைகளும் நினைத்திருந்தன. இரண்டும் அந்தப் பக்கம் பாய்ந்தன. பந்து அவள் கையைவிட்டுப் போகவே இல்லை. நடுவில் திறந்த வழியில், சைக்கிள் சந்தில் புகுந்து பழகிய உடம்பு வளைந்து நுழைந்து, எம்பி, பந்தைக் கூடைக்குள் வைத்தது. நான் கத்தியிருந்தால் அந்தப் பந்தை எங்கே கொடுக்கச் சொல்லியிருப்பேனோ, அங்கேதான் இரண்டு பேரும் பாய்ந்திருந்தார்கள்.

பிறகு விசில். பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் அதைப் பார்த்தோம். மாமா இந்தத் தடவை எடிட்டிங் செய்ய நேரமில்லாமல் அப்படியே கொடுத்திருந்தார். திரை முழுக்க என் முகம். உப்பிய கன்னம், பிதுங்கும் கண், வாயைப் பொத்தும் கை. விசில் சத்தம் கேட்கிறது. கை விலகுகிறது. பத்து நிமிடத் தண்ணீர் மொத்தமும் நேராக வந்து கேமராவில் அடிக்கிறது. அதற்குமேல் படம் மங்கிவிட்டது. "ஏ ஆத்தாடி, லென்ஸு!" என்று மாமாவின் குரல் மட்டும் கேட்டது.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பந்து விழுந்ததக் காணோமேங்க டீச்சர்?"

"விழுந்துருச்சுங்க மேடம். மொகத்தப் பாருங்க."

அவர் சிரித்துவிட்டார். கேடயம் மேசைமேல் இருந்தது, வீடியோ அவருக்குத் தேவையே இல்லை. அப்புறம், "கடைசியில அந்தப் புள்ளைக்கு என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே சொல்லலங்க," என்றேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஷெட்டைச் சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் போட ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னார்.

அவர் எழுந்துபோன பிறகு நான் கடைசி நொடிகளை மட்டும் மறுபடி ஓட்டினேன். என் மூக்குக்குப் பின்னால் பார்த்தேன். ஐந்து தலை. ஒன்றுகூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே வலிக்கவும் செய்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் சைக்கிள்களை எல்லாம் புது இடத்துக்கு மாற்றினார்கள். முதல்முறையாக வெறும் கோர்ட். அவ்வளவு பெரியது என்று எங்களுக்கே தெரியாது. பிள்ளைகள் நேராக ஓடிப் பழகினார்கள். நான் பழக்க தோஷத்தில் வாயில் தண்ணீரோடு ஓரத்தில் நின்றேன். பொடிசு ஓடிக்கொண்டே, "அதான் ஜெயிச்சாச்சுல்லங்க டீச்சர், துப்புங்க, பாவமா இருக்கு. ஆசதீர ஒருக்காக் கத்திக்கங்க," என்றாள்.

துப்பினேன். ஒன்றரை மாதம் தேங்கிக் கிடந்த தொண்டையைச் செருமிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, "நில்லு!" என்று ஒரு கத்துக் கத்தினேன்.

ரோட்டில் காரைக்குடி பஸ் நின்றது. கோர்ட்டில் ஒருத்தியும் திரும்பவில்லை.